வீடு தேடும் பிராணிகள்

திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலோ, அலிபிரி அடிவாரத்திலோ நடந்து செல்பவர்கள், கழுத்தில் தோல்பட்டை அணிந்த தெருநாய் ஒன்றை எப்பொழுதாவது பார்த்திருக்கக் கூடும். தெருவிலே பிறந்து வளர்ந்த மற்ற நாய்களைப்போல அதற்குப் பிழைக்கத் தெரியாது. எச்சில் இலைக்குப் போட்டியிடத் தெரியாது. வண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதும் தெரியாது. யாரேனும் ஒருவர் நின்றால் அருகில் வந்து முகத்தை நிமிர்ந்து பார்க்கும். தான் தேடுகிற மனிதர் இவர் அல்லர் என்று கண்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் போகும். ஏதோ ஒரு வீட்டில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட நாய் அது. வீடு மாறியபொழுதோ, குழந்தை பிறந்தபொழுதோ, தோல் நோய் கண்டபொழுதோ, ‘யாத்திரைத் தலத்தில் சோற்றுக்கு என்ன பஞ்சம்?’ என்ற சமாதானத்தோடு அதை அங்கே விட்டுச் சென்றவர் யாரோ ஒருவர் இருக்கிறார்.

அவரைப் பற்றிக் கடிந்து பேச எனக்கு உரிமை இல்லை. ஏனெனில் அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

சித்தூரில் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. சாதாரண நாட்டு நாய்தான். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் என்னை ஒரு சமயம் சென்னைக்கு மாற்றினார்கள். அங்கே ஒதுக்கப்பட்ட குடியிருப்பு மூன்றாம் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள், நான்கு மனிதர்கள். நாய்க்கு இடம் ஏது? ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் மாந்தோப்பு வைத்திருந்த பழக்கக்காரர் ஒருவரிடம் மணியை ஒப்படைத்தோம். தோப்புக் காவலுக்கு நாய் வேண்டும் என்று அவரும் சொல்லியிருந்தார். எல்லாம் முறையாகத்தான் நடந்தது என்று எண்ணிக்கொண்டு ரயில் ஏறினோம். நான்காம் நாள் அண்டை வீட்டு அம்மாள் தொலைபேசியில் பேசினார்கள். மணி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, பூட்டிய வீட்டின் திண்ணையில் படுத்திருக்கிறது என்றார்கள். நானும் தோப்புக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் இருமுறை வந்து பிடித்துச் சென்றார். இருமுறையும் அது திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் முறை அவர் வரவில்லை. அந்த அம்மாள் சில நாட்கள் சோறு வைத்தார்கள். பிறகு ஒருநாள் காலையில் திண்ணையில் நாய் இல்லை. ‘எங்காவது பிழைத்துக்கொள்ளும்’ என்று நான் வீட்டில் சொன்னேன். என் மகள் அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், அலுவலக வேலையாக, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் சில பகுதிகளைத் தமிழில் எழுதிப் பார்க்க நேர்ந்தது. அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு எவையெவை கொடுமை என்று வரிசைப்படுத்துகிறது. அடிப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, நோயுற்ற மாட்டை வேலை வாங்குவது இவையெல்லாம் நாம் எதிர்பார்ப்பவையே. நாயை எப்பொழுதும் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருந்து, அதற்கு வேண்டிய நடையும் ஓட்டமும் கொடாமல் இருப்பதும் அதே வரிசையில் இருக்கிறது. இன்னும் சற்றுக் கீழே, தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பசி தாகத்தால் துன்புறும் நிலையில் விட்டுச் செல்வதும் குற்றம் என்று இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு நேரான தமிழ் தேடினேன். ‘விட்டுவிடுதல்’ என்றால் விடுதலை போல ஒலிக்கிறது. ‘துறத்தல்’ என்றால் பெருமை வந்துவிடுகிறது. கடைசியில் ‘கைவிடுதல்’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் திண்ணை நினைவுக்கு வந்தது.

அந்தக் குற்றத்திற்கு விதித்துள்ள தண்டனை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். முதல் முறையானால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்றாண்டுக்குள் இரண்டாம் முறையும் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் பத்து ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அத்தொகை உயரவில்லை.

இந்தச் சட்டம் வந்த வரலாறு நம் நாட்டுப் பெண்மணி ஒருவரோடு பிணைந்தது. கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்றார். நாட்டியத்தைப் பற்றிப் பேசுவார் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, அவர் பிராணிகளுக்காகத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே முழுமையான சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு வாக்களித்ததன்மேல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962-இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவர். 2018-இல் ஹரியானா மாநிலத்துப் பல்லப்கருக்கு மாற்றப்படும் வரையில் அந்த வாரியத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருந்தது.

சென்னைக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. விமானியாக இருந்த கேப்டன் சுந்தரம் என்பவர், 1959-இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து தம் வீட்டில் வளர்க்கத் தொடங்கினார். மனைவி, மக்கள் யாவரும் அதில் ஈடுபட்டனர். அந்த வீடே புளூ கிராஸ் என்ற அமைப்பின் பிறப்பிடமாயிற்று. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் அந்நாளில் நகரங்களின் வழக்கம். தலைமுறை தலைமுறையாகக் கொன்றும் நாய்கள் குறையவில்லை. ஒரு தெருவில் நாய்களை அகற்றினால், குப்பைத் தொட்டி இருக்கும்வரை அடுத்த தெரு நாய்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். எஞ்சியவை குட்டி போட்டு நிரப்பிவிடும். ஆகவே கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் வழி என்று புளூ கிராஸ் 1964 முதல் சொல்லி வந்தது. சென்னை மாநகராட்சி 1996-இல் அதனை ஏற்றது. 2001-இல் மத்திய அரசு அதையே நாடு முழுமைக்கும் விதியாக்கியது; 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. காது ஓரத்தில் சிறு வெட்டு அடையாளமுள்ள நாயைத் தெருவில் கண்டால், அதற்கு அறுவை முடிந்துவிட்டது என்று பொருள்.

வழி சரியானதுதான், ஆனால் நாட்டின் அளவுக்கு அது போதவில்லை. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு, இந்நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 53 லட்சம் தெருநாய்கள் உள்ளன என்று கண்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் இந்த விஷயம் உச்ச நீதிமன்றத்தில் பெரும் விவாதமாயிற்று. தலைநகர்ப் பகுதியின் நாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 11-ஆம் தேதி ஓர் உத்தரவு பிறந்தது. 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனைத் திருத்தி, வெறி கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்ற நாய்களை அறுவைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. அந்தத் திருத்திய உத்தரவில் பத்திரிகைகள் அதிகம் கவனியாத ஒரு வரி இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் நகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய பொறுப்பு. அதாவது நாயின் பெயரால் சண்டையிடும் இரு தரப்பாரில் ஒரு தரப்பாருக்கு நீதிமன்றம் வேலை ஒன்றைக் கொடுத்திருக்கிறது.

தத்து என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். பிள்ளைக்குப் பயன்படுத்துகிற சொல் அது. விலைக்கு வாங்கிய பொருளை விற்கலாம், மாற்றலாம். தத்து வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவது நம் குடும்பங்களில் எத்தகைய பேச்சை உண்டாக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

மாற்றலாகி நான் மீண்டும் இப்பக்கம் வந்தபொழுது, திருப்பதியை அடுத்த ஒரு சிறு காப்பகத்துக்கு மகள் என்னை அழைத்துச் சென்றாள். குட்டி ஒன்றைக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். குட்டிகளை எல்லாரும் கேட்கிறார்கள் என்று அங்கிருந்த பணியாள் சொன்னார். வயதான நாய்கள், ஒரு கால் நொண்டுகிறவை, கறுப்பு நிறம் உடையவை இவைதாம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. கறுப்பு நாயை ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டேன். ‘சகுனம் பார்க்கிறார்கள்’ என்றார். பைரவரின் வாகனத்துக்கு இப்படி ஒரு நிலை! இறுதியில் நாங்கள் அழைத்து வந்தது நான்கு வயதுப் பெண் நாய், செம்பழுப்பு நிறம், காது ஓரத்தில் வெட்டுக்குறி. செவலை என்று பெயர் வைத்தோம்.

முதல் பத்து நாட்கள் என் மனைவி என்னோடு சரியாகப் பேசவில்லை. செவலை கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு வெளியே வரவில்லை. வைத்த சோற்றை நாங்கள் உறங்கிய பிறகே தின்றது. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் நடுங்கியது. ‘வா, வா’ என்று நான் எத்தனை முறை அழைத்தாலும் அசையவில்லை. பதினோராம் நாள் பால்காரர் வாசலில் நின்று ‘ரா’ என்றார். அது எழுந்து வெளியே வந்தது. காப்பகத்துப் பணியாளும், அதற்கு முன் அதை வளர்த்தவர்களும் தெலுங்கு பேசியவர்கள் என்பது எனக்குத் தோன்றாமலே போயிற்று! இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவன், வீட்டுக்கு வந்த உயிரின் மொழி என்னவென்று கேட்கவில்லை. சித்தூர்ச் சீமையில் வாழ்பவர்களுக்கு இரண்டு மொழிகளும் வீட்டு மொழிகள். இப்பொழுது செவலைக்கும் அப்படியே.

காப்பகத்திலிருந்து ஒரு பிராணியைக் கொண்டுவர நினைக்கும் நேயர்களுக்கு இந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். வந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். உறவினரை அழைத்துக் காட்ட வேண்டாம். ஒரு மூலையும், ஒரு பழந்துணியும், தண்ணீரும் போதும். சில நாட்களில் அதுவாகவே வரும். சிலவற்றுக்குச் சில மாதங்கள் ஆகும். கொண்டுவந்த வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் முறை. பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும். டிஸ்டெம்பர், பார்வோ என்ற இரண்டு நோய்களும் குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகின்றன. அவற்றுக்கும் ஊசி உண்டு. கருத்தடை அறுவையைப் பாவம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு நாய் ஈனும் ஆறு குட்டிகளுக்கும் வீடு தேடித் தர முடியாமல், சாக்குப் பையில் கட்டிக் கோயில் வாசலில் வைப்பதைவிட அது எவ்வகையில் பாவம் என்பது எனக்கு விளங்கவில்லை. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்து வருகிறது. 2005-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. மருத்துவர் கிடைக்கவில்லை என்று சொல்ல நம் வட்டாரத்தில் இடமில்லை.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் வீட்டில் தயிர்ச்சாதமே நாய்க்கும் உணவு. புலால் உண்ணாத வீட்டில் நாயை வளர்க்கலாம். பருப்பு, பால்கட்டி, முடிந்தால் முட்டை என்று புரதத்துக்கு வழி செய்துவிட்டால் போதும். வெங்காயமும், திராட்சையும், சாக்லெட்டும் நாய்க்கு நஞ்சு. பூனையின் கதை வேறு. அது பிறப்பிலேயே ஊனுண்ணி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து ஊனிலேதான் கிடைக்கிறது. பாலும் சோறும் வைத்துப் பூனையை வளர்த்துவிடலாம் என்று எண்ணுகிறவர்கள், அது அண்டை வீட்டில் திருடித் தின்பதை நம்பியே இருக்கிறார்கள். வீட்டில் மீன் நுழையக் கூடாதென்றால் பூனையைத் தத்தெடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

வெளிநாட்டு ஜாதி நாய் வேண்டும் என்ற மோகம் நம் சிறு நகரங்களிலும் பரவியிருக்கிறது. சித்திரை வெயிலில் சித்தூரிலும் திருப்பதியிலும் மனிதரே நிழல் தேடி ஒதுங்குகிறோம். பனிப் பிரதேசத்தில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி நாயை, இரட்டை அடுக்கு ரோமத்தோடு, மொட்டை மாடிக் கொட்டகையில் கட்டி வைத்திருப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். காப்பகங்களில் இப்பொழுது இத்தகைய நாய்களும் வந்து சேர்கின்றன. மின்விசிறிக்கும், குளிரூட்டும் இயந்திரத்துக்கும் ஆகும் செலவைக் கண்டு அஞ்சியவர்கள் கொண்டுவந்து விடுகிறார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் நாய் வளர்ப்பு வணிகத்துக்கான விதிகள் வந்தன. விற்பவர் அதைக் காற்றில் விடுகிறார், வாங்குபவர் கேட்பதில்லை. நாட்டு நாய்க்கு நம் வெயில் பழக்கம். நம் ஊர்களின் ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலை வெளியிட்டுப் பெருமை செய்தோம். ஆனாலும் தெருவில் படுத்திருக்கும் செவலைக்கு ஒரு விலை வைத்தால்தான் நமக்கு அதன் அருமை தெரியும்போலிருக்கிறது.

நாயைப் பற்றிப் பேசினால் நாய்க்கடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாயைக் கண்டு அஞ்சுகிறவர்களை நாய் நேசர்கள் ஏளனம் செய்வதை நான் ஒப்புவதில்லை. வெறிநோயால் உலகில் மாள்பவர்களில் 36 சதவீதம் பேர் நம் நாட்டினர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பு. அவர்களில் பெரும் பகுதி ஏழைகளின் குழந்தைகள். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்கு முன்னர் மருந்து செய்தால் காப்பாற்றிவிடலாம். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் ஊசி மருந்து செலுத்தி அதனை மெய்ப்பித்தார். தென்னாட்டுக்கு அந்த வைத்தியம் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டபொழுது வந்தது. தொடக்கத்தில் கடிபட்டவர் மலையேறிக் குன்னூருக்கே போக வேண்டியிருந்தது. என் பாட்டனார் காலத்துக் கதைகளில் ‘குன்னூருக்குப் போய் வந்தவர்’ என்றால் நாய் கடித்தவர் என்று அர்த்தம். பின்னர் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தைத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் குத்தினார்கள். அந்த அச்சம் இன்றும் நம் மக்கள் மனத்தில் இருக்கிறது. ஊசிக்குப் பயந்தே கடியை மறைக்கும் குழந்தைகள் உண்டு. அந்த மருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது. இன்றைய ஊசி கையில் போடுவது, நான்கைந்து முறைதான், அரசு மருத்துவமனைகளில் இலவசம். இதைக் குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், முதலில் செய்ய வேண்டியது குழாயைத் திறந்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுவது. பதினைந்து நிமிஷம் என்பது நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் அப்பக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. ஆழமான காயமானால் ஊசியோடு வேறொரு எதிர்ப்பு மருந்தையும் காயத்திலேயே செலுத்துவார்கள். வீட்டு நாய்தானே என்று அசட்டையாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்; ஊசி போடாத வீட்டு நாய், தெருநாயைவிடப் பாதுகாப்பானது அன்று. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று மருத்துவ நூலார் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகையால் நம் வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் போடும் ஊசி அடுத்த தெருக் குழந்தைக்கும் காவல்.

ஸ்ரீகாளஹஸ்தி நம் அருகில் இருக்கிறது. சிலந்தியும், பாம்பும், யானையும் பூசித்துப் பெயர் பெற்ற தலம். கண்ணப்ப நாயனாரின் தலம். திண்ணனார் என்ற பெயரோடு சிறு பிள்ளையாய் அவர் விளையாடிய பருவத்தைச் சேக்கிழார் அழகாக வருணிக்கிறார். முயற் குட்டி, பன்றிக் குட்டி, புலிக் குட்டி, செந்நாய்க் குட்டி யாவற்றையும் ஓடித் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து, முற்றத்து மரத்தில் கட்டி வளர்த்தாராம். வேடர் குலத்துப் பிள்ளைக்கு அது விளையாட்டு. இன்று அதே காட்டில் அதே காரியத்தைச் செய்தால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நம் வீடுகளில் கூண்டில் தொங்கும் பச்சைக்கிளியும் அச்சட்டத்தின் கீழ் வருவதே என்பதைப் பலர் அறியார். நட்சத்திர ஆமைக்கும் இதே கதி. ஆந்திரத்து வறண்ட புதர்க்காடுகளில் பிறந்த அந்தச் சிறு ஆமை, அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லப்பட்டு, பெட்டிகளில் அடைபட்டு விமானம் ஏறுகிறது. பிராணிகளிடம் பிரியம் உள்ளவர்கள்தாம் பெரும்பாலும் இவற்றை விலை கொடுத்து வாங்குகிறார்கள்!

காட்டு விலங்கைக் கூட்டில் அடைத்தபின் என்ன ஆகிறது என்பதைத் திருப்பதியிலேயே காணலாம். 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. சர்க்கஸ் கூடாரங்களில் இருந்த சிங்கங்களையும் புலிகளையும் என்ன செய்வது? காட்டில் விட்டால் வேட்டையாடத் தெரியாது. நாட்டின் சில இடங்களில் அவற்றுக்கு மறுவாழ்வு நிலையங்கள் அமைந்தன. சேஷாசல மலையடிவாரத்தில் 1987-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா விலங்குக்காட்சிச் சாலையைச் சேர்ந்த நிலையம் அவற்றுள் ஒன்று. அங்கே வந்த சிங்கங்களில் பல, ஆப்பிரிக்க இனமும் கிர் காட்டு இனமும் கலந்து பிறந்தவை; ஆகையால் அவற்றை இனம் பெருக்க விடவில்லை. மூப்படைந்து இயற்கையாய் இறக்கும் வரையில் இறைச்சியும் மருந்தும் நிழலும் கொடுத்துக் காப்பதே அங்குள்ளவர்களின் பணி. வேடிக்கை காட்டிச் சம்பாதித்தவர் ஒருவர். ஆயுள் முழுதும் சோறு போட்டவர்கள் வேறொருவர். தெருவில் விடப்பட்ட நாய்க்கும் இதே கணக்குத்தான்.

புங்கனூர்ப் பசுவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பழைய சித்தூர் மாவட்டத்தின் புங்கனூரில் தோன்றிய குள்ள இனம்; ஆள் இடுப்பளவே உயரம். அழிந்துபோகும் நிலையிலிருந்த அதனைப் பலமனேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் காத்து வந்தது. 2024 தொடக்கத்தில் பிரதமர் தம் இல்லத்தில் இந்தப் பசுக்களுக்குத் தீனி கொடுக்கும் படம் வெளிவந்ததும் நாடு முழுவதும் அவற்றுக்குக் கிராக்கி ஏற்பட்டது. அழியவிருந்த இனத்துக்கு மதிப்பு வந்தது நல்லதே. ஆனால் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், மெருகிட்ட வழவழப்பான தரையில், அது கால் வழுக்கி நிற்கும் படங்களைப் பார்க்கும்பொழுது மனம் கூசுகிறது. எவ்வளவு சிறியதானாலும் அது மாடு. அதற்கு மண் தரையும், மேய்ச்சலும், துணைக்கு இன்னொரு மாடும் வேண்டும்.

எனக்கு மீண்டும் மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. இம்முறை ரயில் விதிகளை முதலிலேயே படித்தேன். முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நம் பெயரில் பதிவு செய்தால் நாயை உடன் அழைத்துச் செல்லலாம். இல்லையேல் கார்டு வண்டியில் நாய்ப் பெட்டி இருக்கிறது. தடுப்பூசி அட்டையும் மருத்துவர் சான்றும் வேண்டும். அறை முழுவதற்கும் ஆகும் கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கைத் தின்றுவிட்டது. செலவைக் கேட்ட மனைவி, ‘மணிக்கும் சேர்த்துக் கொடுத்ததாக இருக்கட்டும்’ என்றாள்.

வீடு பார்க்கப் போனேன். எத்தனை பேர் என்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். மூன்று மனிதர், ஒரு நாய் என்றேன். மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். நான்காமவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘ராத்திரியில் குரைக்குமா?’ என்று கேட்டார். ‘அந்நியர் வந்தால் குரைக்கும்’ என்றேன். ‘தமிழ் புரியுமா?’ என்றார் சிரித்துக்கொண்டே. இப்பொழுது புரிகிறது என்று சொல்லி முன்பணத்தைக் கொடுத்தேன்.